ஒன்பது என்று சொன்ன காலை

1946 அக்டோபர் 28, திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால். இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. எனக்கு வயது பத்து. மேலே போர்வை இரண்டு.

பெரம்பலூருக்கு மேற்கே எங்கள் ஊர்க் கரட்டில் மாமா இரும்புக்கல் வெட்டக் குத்தகை எடுத்திருந்தார். கல் கழுவிய செந்நீரை ஒரு குட்டையில் தேக்கி, சேறு படிந்தபின் அதே தண்ணீரில் மறுபடி கழுவுவார்கள். குட்டை நிரம்பினால் மடையைத் திறந்து, வெட்டி முடித்த பழைய குழிக்குள் விட வேண்டும். விடாவிட்டால் கரை உடைந்து கீழே வயலுக்குள் பாயும். வீணாகத் திறந்தாலோ கழுவத் தண்ணீர் இராது. அதனால் மாமா பன்னிரண்டு வெட்டுப் போட்ட மூங்கில் கோலை நடுவில் நட்டார். தண்ணீர் பத்தாவது வெட்டைத் தொட்டால் திறக்கலாம்.

காலையில் எண்ணிச் சொல்வது என் வேலை. வீட்டு ஓடுகளையே எண்ணி வைத்திருந்தவன் நான். "எங்க வூட்டுக் கணக்குப்புள்ள சொல்லாம மடையில கை வைக்காதே" என்று காவலுக்கு இருந்த அம்மாளிடம் மாமா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். குட்டைக்கு நேர் கீழே அந்த அம்மாளுக்குக் கால் ஏக்கர் சோளம் இருந்தது.

வீட்டிலிருந்து குட்டைக்கு அறுநூற்று நாற்பது எட்டு. அன்று நான் ஒன்றுகூட வைக்கவில்லை. ஏழு மணிக்கு அந்த அம்மாளே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கோலு எத்தனைங்க?"

முந்தின நாள் எட்டு. மழைக்கு ஒன்று கூட்டினேன். "ஒன்பது."

"தண்ணி மேல நிக்கிற மாதிரி இருக்கே."

"எண்ணிட்டேன்."

"தம்பி எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று திரும்பிப் போனார்.

எட்டரைக்குக் கரை உடைந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சோளம் செஞ்சேற்றில் படுத்துக் கிடந்தது. கண் இல்லையா என்று மாமா அந்த அம்மாளைத் திட்டினார். அவரோ என் ஒன்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அடுத்த மழையில் சேறு போய்விடும் என்றார் மாமா. போகவில்லை; காய்ந்து ஓடாக இறுகிற்று. குத்தகை முடிந்தும் அதில் ஒன்றும் முளைக்கவில்லை.

அந்த அம்மாள் கண்ணால் கண்டதை விட்டு என் கணக்கை நம்பினாரே, என்ன அசடு என்றுதான் அப்போது நினைத்தேன். நம்பாமல் அவர் மடையைத் திறந்து, என் ஒன்பதும் சரியாக இருந்திருந்தால், மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்காது. அது எனக்கு எட்டவில்லை.

1961இல், அந்த அம்மாள் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவர் மகனிடம் கேட்டுக்கொண்டு அந்தச் சேற்றை அள்ளிப் பழைய குழியில் கொட்டினேன். ஏரி வண்டல் அடித்தேன். ஏன் என்று மகன் கேட்டார். சொல்லவில்லை. சேறு நூற்றுப் பதினெட்டு வண்டி, வண்டல் தொண்ணூற்று நான்கு. வண்டிக்கு ஒன்றரை வீதம் முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய்.