பழுதற்ற படம்

எனக்கும் என் சிற்றப்பா மகனுக்கும் இளமையிலேயே வலிப்பு நோய் கண்டது. வலிப்புள்ளவனைப் படகில் ஏற்றுவது எங்கள் பழவேற்காட்டுக் குப்பத்தின் வழக்கமன்று. ஏரியில் யார் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். அதைப் பாடு என்போம். அச்சீட்டுகளில் எங்கள் இருவர் பெயரும் இடம்பெற்றதில்லை. நான் படித்துத் தமிழாசிரியன் ஆனேன். அவன் கரையிலமர்ந்து பிறர் வலைகளின் கிழிசலைத் தைத்தான்.

எண்பதுகளில் சென்னை மருத்துவமனையொன்றில் எங்கள் இருவர் மூளையையும் ஸ்கேன் எடுத்தனர். அவனது படத்தில் இடப்பொட்டுக்கு உள்ளே ஒரு வடு தெரிந்தது. எனது படம் பழுதற்றிருந்தது.

செய்தி கேட்டுச் சிற்றன்னை அழுதார். "குடுத்து வெச்சவன்டா நீ. உன் தல சுத்தமா கீதாம். எம்புள்ளைக்குத்தான் உள்ள காயமாம்." என் தாயோ கோயிலில் பொங்கலிட்டார்.

மருத்துவர் என்னிடம் கூறியது அதற்கு நேர்மாறு. "வடு தெரிந்தால் அகற்றலாம்; பெரும்பாலும் வலிப்பு நின்றுவிடும். உங்கள் படத்தில் ஒன்றும் தெரியவில்லையே, எந்த இடத்தை வெட்டுவது?" ஒருவனது மூளைக் காயத்தின்மீதும் பொறாமை கொள்ள இயலும் என்பதை அன்று அறிந்தேன்.

வடுவை அகற்றிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு அவனுக்கு வலிப்பு வரவில்லை. சீட்டில் தன் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு ஊர்க்கூட்டத்துக்கு வந்தான். அங்கு ஆங்கிலம் அறிந்தவன் நான் ஒருவனே. "மீண்டும் வாராது என உறுதி கூற இயலாது என்கிறார்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்தேன். பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கினர்.

அவன் எழுத்தறியாதவன், ஆயினும் வலைக்கண்களை எண்ணிப் பழகியவன்.

"ணா, அதுல ஏழு வரி கீது. நீ ஒரு வரிக்குத்தான் பேசுன. மீதி இன்னா, காத்துல பூட்ச்சா?"

கூட்டம் சிரித்தது. "முழுசா படி வாத்யாரே" என்றார் ஒருவர்.

மடிப்பைப் பிரித்தேன். படத்தில் கண்ட வடு முழுதும் அகற்றப்பட்டது, இனி வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, துணையோடு படகேறலாம். ஒரு சொல்லும் விடாமல் படித்து முடித்தேன்.

அவ்வாண்டுச் சீட்டுகளை எழுதியதும் நானே. அவன் பக்கத்தில் வந்து நின்று, "என் பேரப் பெருசா எழுதுணா" என்றான். எழுதினேன். அவன் முதன்முதலாய்ப் படகேறிய காலையில் நான் பள்ளிக்கும் போகவில்லை, கரைக்கும் போகவில்லை. என் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, எங்கேனும் ஒரு புள்ளி தென்படுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.