அட்டைப்படத்தில் அப்பாவின் வலது கால்

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு அப்பாவை எழுப்பினேன். முகம் கழுவி, வெறுந்தேநீர் குடித்து, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவின் தையல் மெஷின் முன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் மிதிபலகையில் வைத்தார். நான் தரையில் உட்கார்ந்து, அவரது வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி விரல்களை வைத்தேன். “தூக்குங்கப்பா” என்றேன். குதிகால் பலகையில் பதிந்திருக்க, பாதத்தின் முன்பகுதி மெல்ல எழுந்தது. என் விரல்களின் கீழ் தசை இறுகியது. பிறகு இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டார். வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். அன்று தோட்டத்துக் கோயில் தேர்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது தம்பி, “அக்கா, யாருக்கும் சங்கடம் வராத மாதிரி எழுதுங்க” என்றான். நடந்ததை நடந்தபடி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு முறை தெரியாது.

அப்பா உக்குவளைக்கு மேலே, கராம்பும் கொக்கோவும் விளையும் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருடைய தகப்பனார் இளம் வயதிலேயே காலமானதால் பள்ளிக்கூடத்தை விட்டுக் கராம்பு மரம் ஏறினார். மெல்லிய கிளைகளில் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நின்று பூப் பறித்தார். அந்தக் கால்களின் உழைப்பில்தான் சித்தப்பா படித்தார், அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் பலாபத்வலையில் வாசனைத் திரவியக் களஞ்சியம் ஒன்றில் வேலை பார்த்து, வீடு கட்டி, எங்களையும் ஆளாக்கினார். யாரிடமும் கை நீட்டாதவர். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, அடுத்த ஹோல்ட்டில் இறங்கப் போவதாகச் சொல்லி நின்றுகொண்டே வருவார். வருடம் தவறாமல் தோட்டத்துக்குப் போய்த் தேர் வடம் பிடிப்பார். வடத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. ஊரார் அதை விட்டுவைப்பார்கள்.

அம்மா காலமான மறு வருடம், சவரம் செய்துகொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்தது. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தடியூன்றி எழுந்து நின்றார், ஆனால் நடக்க முடியவில்லை. வலது பாதத்தின் நுனி தரையில் இழுபட்டது.

ஆஸ்பத்திரி உடற்பயிற்சிப் பிரிவில் இருந்த மிஸ் அதற்கான காரணத்தைச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். பின்பக்கக் கெண்டைக்கால் தசை விறைத்துப் பாதத்தைக் கீழே இழுக்கிறது, முன்பக்கத் தசை பாதத்தைத் தூக்க மறந்துவிட்டது என்றார். காலைப் பிடித்துவிடுவதால் அது திரும்ப வராது, அவரே முயன்று தூக்க வேண்டும். கண்ணுக்கு அசைவு தெரியாவிட்டாலும் விரல் வைத்துப் பாருங்கள், உள்ளே வேலை நடக்கும் என்றார். வீட்டில் மிதி மெஷின் இருக்கிறதா என்று கேட்டதும் அவர்தான்.

வாரக்கணக்கில் என் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு நாள், துணிக்கடியில் நூலை யாரோ இழுத்தது போலத் தசை ஒருமுறை அசைந்தது. நான் அப்பாவின் இடது கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். “மறுபடி தூக்குங்க.” தூக்கினார். தன் காலைத் தானே தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “தேருக்கு நானே நடந்து போயி வடத்தத் தொடுவேன், பாப்பா” என்றார்.

இதை வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். தனக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும், “நோவாளிய இப்படிப் போட்டு வதைக்காத. படுக்க வச்சு எண்ணெ தேச்சு விடு” என்று என்னைக் கண்டித்தார். சித்தப்பா வாசலிலேயே சிரித்துக்கொண்டு வருவார்.

“என்னாண்ணே, டெய்லர் வேல பழகுறீங்களா? எனக்கு ஒரு சேட்டுத் தச்சுக் குடுங்க.”

“ஒனக்கு அளவெடுக்க அந்த வயித்தச் சுத்தி வரணும்டா. அதுக்குத்தான் நடந்து பழகுறேன்.”

இருவரும் சிரிப்பார்கள். அப்பாவின் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வரும்.

தேரன்று எங்கள் பழைய லயத்துக்கு எதிரே, வீதியோரத்தில் அப்பா நாற்காலியில் காத்திருந்தார். அந்த இடத்தில் தேர் நிற்கும். வடத்துக்கும் நாற்காலிக்கும் இடையே வீதியின் அகலம்கூட இல்லை. அவ்வளவு தூரம் வீட்டு முற்றத்தில் தடியூன்றி எத்தனையோ முறை நடந்திருந்தார். தேர் வந்து நின்றது. அப்பா எழுவதற்காகத் தடியை ஊன்றினார். நான் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை.

அப்போது சித்தப்பாவும் தம்பியும் சித்தப்பாவின் மகன்களும் வந்தார்கள். முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். மாலை போட்டார்கள். நாற்காலியின் நான்கு கால்களையும் பிடித்து, அப்பாவைத் தோளுயரத்துக்குத் தூக்கினார்கள். தப்பு அடிப்பவர்கள் வேகம் கூட்டினார்கள். சனம் அரோகரா சொன்னது.

“எறக்குங்கடா” என்று அப்பா சொன்னார். தப்புச் சத்தத்தில் கேட்டது எனக்கு மட்டும்தான். “சித்தப்பா, எறக்குங்க, அவரே நடப்பாரு!” என்று கத்தினேன்.

“சும்மா இரு பாப்பா. எங்களத் தூக்கி வளத்த மனுசன். இன்னைக்கு நாங்க தூக்குறோம். கண்ணுல தண்ணியப் பாரு, எவ்வளவு சந்தோசம்னு!”

வடத்தின் மேல் அப்பாவின் கையைத் தம்பி பிடித்து வைத்தான். பிறகு கோயில் வரை தூக்கிக்கொண்டே போனார்கள். அன்பு இல்லாமல் யாரும் இதைச் செய்யவில்லை. அன்பில்லை என்றால் இதை எழுதும் அவசியம் எனக்கு இருந்திருக்காது.

அதன் பிறகு அப்பா மெஷின் முன் உட்காரவில்லை. மிஸ் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். அவரிடமும் மரியாதையாகத் தலையை ஆட்டினாரே தவிர, காலை அசைக்கவில்லை. மாதங்கள் போகப் போக, நான் விரல் வைத்த இடத்தில் தசை மெலிந்து எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போனார். அத்தை விரும்பியபடி எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தோம். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணை மூடினார்.

அப்பாவின் காலைத் தொட்டு, அது இன்னும் வேலை செய்யும் என்று நம்பிய மிஸ்ஸுக்கு என் முதல் நன்றி. மரண வீட்டுக்கு வந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயல் வீட்டாருக்கும், தோட்டத்து மக்களுக்கும் நன்றி. அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கு இரண்டு முறையும் நன்றி. இரண்டாவது முறை அது தேவையாக இருந்தது.

மலரின் அட்டைக்குத் தேரன்று எடுத்த படத்தைத் தெரிவு செய்தது தம்பி. மாலை, கண்ணீர், சுற்றிலும் சிரித்த முகங்கள். எல்லோரும் நல்ல படம் என்கிறார்கள். தயவுசெய்து வலது காலைப் பாருங்கள். முதல் அடிக்காக அப்பா அதை ஆயத்தம் செய்திருந்தார். பாதத்தின் நுனி மேலே எழுந்திருக்கிறது. மிஸ் சொன்னபடியே, சரியாக. அதன் கீழே தரைதான் இல்லை.

தேருக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை ஐந்தரைக்கு அப்பாவை எழுப்பினேன். தேநீரும் மாத்திரையும் தருவதற்கு முன், வழக்கம்போல் நாற்காலியை மெஷினுக்கு முன்னால் இழுத்துப் போடப் போனேன்.

“வேணாம் பாப்பா. மெஷின மூடிரு” என்றார்.

மெஷினின் தலையை உள்ளே மடித்து, பலகையைப் போட்டு, அம்மா தைத்த உறையால் மூடினேன். அன்று முதலில் செய்த வேலை அது.