சதகுப்பை வாங்கப் போய்

ஆக்லாந்துக்கு வந்த முதல் வருடம் என் மனைவியை நான் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இதை வேறு விதமாகச் சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

மாஸ்கோவில் பொறியியல் படித்தபோது மணந்துகொண்டவள் அவள். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தோம். எனக்குப் பென்ரோஸில் தொழிற்சாலை வேலை, சான்ட்ரிங்ஹாமில் வாடகை வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அப்போது கொஞ்சம்தான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் பூசை நடக்கும். நான் தனியாகப் போவேன். மனைவி எங்கே என்று கேட்டால், “அவவுக்குச் சுகமில்லை” என்பேன். வெள்ளைக்காரியைக் கட்டியவன் என்ற பேச்சுக்கு அவ்வளவு பயம். அவளிடமோ, அங்கே பெண்கள் வருவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

அவள் நம்பினாள். ஆனால் தனிமை தாங்காமல், ஊருக்கே திரும்பிவிடவா என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அவளைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வராத தூரத்துக் கடைகளில் அவளோடு அவளுடைய சமையலுக்குச் சாமான் தேடி அலைவது. பீட்ரூட் கேட்டால் சர்க்கரைப் பாகில் ஊறிய டின்னை நீட்டுவார்கள். பச்சைக் கிழங்குக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். ஹென்டர்சனில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த, யூகோஸ்லாவியாவின் டல்மேஷியாவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோசை அள்ளிக் கொடுத்தார். அன்று காரில் வீடு வரும்வரை அவள் பாடிக்கொண்டே வந்தாள்.

உக்ரோப் என்று அவள் சொன்ன மணச்செடி மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் வெள்ளரிக்காயை உப்பில் ஊறப்போட முடியாது என்றாள். அந்த மணம் எனக்கு மாஸ்கோவிலேயே பிடிபட்டிருந்தது. என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியச் சரக்கோடு எங்கள் அம்மியில் அரைபட்டு மணந்த சதகுப்பைதான் அது.

ஒரு சனிக்கிழமை, அவளை வீட்டில் விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ஃபிஜிக்காரரின் பலசரக்குக் கடைக்குப் போனேன். அவருடைய முன்னோர் தமிழர். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல்தான். சதகுப்பை என்றதும் விழித்தார். பூசைக்கு வரும் அக்கா ஒருவர் என் பின்னால் நின்றிருந்தார்.

“சதகுப்பையோ? தம்பி, பிள்ளை பிறந்திட்டுதோ!”

நான் வாய் திறக்குமுன் அவரே முடிவுகட்டிவிட்டார். “அதுதானே சுகமில்லை, சுகமில்லை எண்டு சொல்லித் திரிஞ்சனீர். கள்ளன்! பெடியனோ, பெட்டையோ?”

வெள்ளரிக்காய்க்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ரஷ்யாக்காரி வெளியே வந்துவிடுவாளே.

“பெட்டை” என்றேன்.

மறுநாள் மூன்று பெண்கள் வாசலில் நின்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கென்று வைத்த சரக்குக்கறிச் சட்டி அக்காவின் கையில். இன்னொருத்தியிடம் பின்னிய குட்டிச் சப்பாத்துகள். முழங்கைவரை பீட்ரூட் சிவப்போடு கதவைத் திறந்தவள் என் மனைவி.

“பிள்ளை எங்க?” என்றார் அக்கா.

“என்ன கேட்கிறார்கள்?” என்று என் மனைவி ரஷ்ய மொழியில் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ரஷ்ய மொழியில், பிறகு தமிழில். இல்லாத நோய், இல்லாத பிள்ளை, ஒரு வருடப் பொய். எந்த மொழியிலும் அது மென்மையாக வரவில்லை.

“பெண்கள் வருவதில்லை என்றாயே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பெட்டி கட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நான்கு கிண்ணங்களில் பீட்ரூட் சூப்போடு திரும்பி வந்தாள். எனக்குக் கிண்ணம் இல்லை.

அக்கா ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். “அட, எங்கட ரசம் மாதிரிப் புளிக்குது!” பிறகு என் பக்கம் திரும்பினார். “வெக்கங்கெட்ட மனிசன். உவவை ஒளிக்க உமக்கு எப்பிடி மனசு வந்தது? வாற பூசைக்கு உவ எங்களோட வரட்டும். நீர் வீட்டில இரும்.”

அப்படியே நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்காவின் காரில் அவள் போனாள். நான் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தவளிடம், அவள் கோட்டைக் கழற்றுமுன் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பூசைக்குச் சூப் வைக்கும்படி தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றாள்.

“இறைச்சி போடக்கூடாது” என்றேன் அவசரமாக.

“தெரியும். எல்லாம் சொல்லிவிட்டார்கள். ஐம்பது பேருக்குப் பீட்ரூட் வேண்டும். நாளைக்கே கடைகளில் சொல்லிவைப்போம். வெள்ளென எழும்பு.”