நண்டுக் குழம்பும் ஒரு மறுப்பும்

கீழ்வேளூர் பக்கம் அம்மைத் தடுப்பூசி போடப் போனபோது ஒரு நடவுக்காரியை அவள் வீட்டு வாசலில் பார்த்தேன். முழங்கால்வரை சேறு, வாய் நிறைய வெற்றிலை. அடுத்த ஊசி அவளுக்குத்தான். யாரிடம் 'முடியாது' என்று சொல்வதானாலும் முதலில் சோறு போட்டுவிடுவாளாம்; கூட இருந்த பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்நேரம் அவள் மாமனார் குதித்துக்கொண்டு வந்தார். "பேசுன கூலி இல்லாட்டியும் நாளைக்கு நீ ஆளுங்களோட நடவுக்கு வருவேன்னு பண்ணையார்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்!"

அவள் தட்டில் சோறு போட்டு வயல் நண்டுக் குழம்பை ஊற்றினாள்.

"சாப்புடுங்க மாமா. இந்த வீட்டுல உங்களுக்கு எப்பவும் சோறு உண்டு. ஆனா எனக்காக நீங்க வாக்குக் குடுக்காதீங்க. பேசுன கூலி வந்தாதான் வயல்ல எறங்குவோம்."

அவர் முறைத்தார். பிறகு, "இன்னும் ரெண்டு நண்டு போடு" என்றார்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது எனக்கும் ஒரு தட்டு வந்தது. நான் ஊசிப் பெட்டியை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன்.