குழை தாழ்த்த வயல்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்குக் காட்டைக் கண்டால் காடு தெரியாது, பசளைக்கு வெட்டுகிற இலைக்குழைதான் தெரியும். என் மனுசன் அப்படித்தான். இடம்பெயர்ந்து துணுக்காய்ப் பக்கம் வந்து ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்த, குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற சிறுபோகத்தில், பூவரசங்குழையும் காட்டுக்குழையும் சைக்கிளில் கட்டிக் கட்டிக் கொண்டுவந்து வரம்பில் குவித்தார். சண்டையென்று ஆமி வன்னிக்குள் யூரியா வரவிடாத காலம் அது. அவருக்கு அது ஒரு கவலையாகவே தெரியவில்லை. ஊரில் நாங்கள் அள்ளி அள்ளிப் போட்ட பசளை கிணற்றுக்குள் இறங்கி, அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இனி மண்ணுக்கு நஞ்சு போடமாட்டன். குழையிலேயே நெல்லு விளைவிச்சுக் காட்டுறன்" என்றார்.

எனக்கும் அது பிடித்திருந்தது. கிடைக்காத ஒன்றை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறதுதானே.

ஊரில் குழை தாழ்ப்பது தோட்டத்து மண்ணில். தண்ணீர் வடிந்துவிடும், காற்றுப் படும், குழை பதமாக உக்கும். இவர் அதையே இங்கே தண்ணீர் கட்டி நின்ற களிமண்ணில் மிதித்துப் புதைத்துவிட்டு, கையோடு முளைநெல்லையும் விதைத்துவிட்டார். குளத்தைத் திறந்துவிட்டார்கள், குழை உக்கும்வரை பொறுத்திருக்க நேரமில்லை என்றார். பயிர் கொஞ்சம் வளர்ந்ததும் மஞ்சளடித்தது. வயலுக்குள் கால் வைத்தால் குமிழி குமிழியாகக் காற்று கிளம்பி, கூழ்முட்டை நாற்றம் நாறியது. ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் கறுத்துப் போயிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

தண்ணீரைக் கழித்து மண்ணைக் காயவிட்டால் பயிர் தப்பலாம். ஆனால் எங்கள் வயலிலிருந்து வடிவது நேரே அடுத்த வயலுக்குள்தான் போகும். அது மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண்ணின் வயல். புருஷன் செத்துவிட்டான், இரண்டு பிள்ளைகள். அந்த நெல்தான் அவர்களுக்குச் சோறு. கேட்க இவருக்கு வாய் வரவில்லை, என்னை அனுப்பினார். வீரமெல்லாம் குழை வெட்டும்போதுதான்.

நான் கேட்டதும் அவள் வந்து குனிந்து எங்கள் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தாள்.

"எங்க பயிரு இப்பதான் தல தூக்குது அக்கா. இத விடாட்டி ஒங்களுது செத்துருமா?"

"ஓம்."

கையை உதறிச் சீலையில் துடைத்தாள்.

"சரி, அண்ணனத் தொறந்துவிடச் சொல்லுங்க. மொறத் தண்ணி வந்தா கழுவிக்கலாம்."

குளத்திலிருந்து வரவேண்டிய முறைத் தண்ணீர் வரவில்லை. குளம் வற்றுகிறது என்று தண்ணீர் திறந்துவிடும் துருசை மூடிவிட்டார்கள். பம்ப் வைத்து இறைக்கலாம் என்றால், விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்தது. அவளுடையதில் எங்கள் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்று பயிர் மஞ்சளாகிப் படுத்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பேன்.

மாரி மழையோடு காலபோகம் வந்தபோது இவர் யார் யாரையோ பிடித்து, களவாக வந்த யூரியா கொஞ்சம் கொண்டுவந்தார். நஞ்சு போடமாட்டேன் என்ற கதையே இல்லை. நானும் கேட்கவில்லை. பசித்த வீட்டில் அதை எந்த வாயால் கேட்பது?

விதைப்புக்கு முன் அவள் மண்வெட்டியோடு வந்தாள். முகத்தில் கோபமில்லை.

"ஒங்க தண்ணி எங்க வயலுக்குள்ள எறங்காம, ஓரமா ஒரு வாய்க்கா வெட்டிக்கவா அண்ணே?"

இவர் உள்ளே போய்த் தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் வெட்ட, நான் மண்ணை அள்ளிக் கொட்டினேன். எங்கள் யூரியாத் தண்ணீர் அந்த வாய்க்காலால் போய் விழுகிற மோட்டைக் குட்டையில்தான், பனங்காட்டுக்குள் கொட்டில் போட்டிருந்த இடம்பெயர்ந்த சனம் குடிக்க அள்ளியது. மூன்று பேருக்கும் அது தெரியும். பொழுதுபடுவதற்குள் வெட்டி முடித்துவிட்டோம்.