ரோபோ வருமுன் முடிந்த பேச்சு

இன்று டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் குறும்பேச்சு நிகழ்வு. ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் பார்த்தவள் எங்கள் மகள்.

"நான் என்ன வேலை செய்யிறன் எண்டு அவளுக்கும் தெரியட்டும்" என்றுதான் என் கணவர் பேச ஒப்புக்கொண்டார். தலைப்பு, தொழிற்சாலைக்கு ரோபோ வந்த கதை.

தலைவர், செயலாளர், ஐயர், பாதர், சமைத்தவர்கள் என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லி முடித்து, "அந்த ரோபோ..." என்று தொடங்கினார்.

"அப்பா, நேரம் முடிஞ்சுது!" என்றாள் மகள்.

காரில் வீடு திரும்பினோம். பாதி வழியில் மகள் டேனிஷில் கேட்டாள், ரோபோ வந்த பிறகு அவருக்கு என்ன வேலை என்று.

"அதுக்கு வேலை பழக்கினதே நான்தான், பிள்ளை."

வீட்டுக்கு வந்து சோறும் போட்டுவிட்டேன். ரோபோ கதை முடியாமல் இருவரும் இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. கூப்பிடவா, விடவா?