ரைஸ் குக்கருக்கு விசா இல்லை

போன சனிக்கிழமை சாயங்காலம் கலிபோர்னியா டப்ளினில் ஹேமா வீட்டு ஹாலில் ஒரு மாநாடு. நாலு குடும்பம், சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி., சோபா முழுக்க லேப்டாப். சம்மர் லீவுக்கு எங்கே போவது? இந்த பே ஏரியாவில் எங்கள் ஜனங்களுக்கு டூர் போவதைவிட டூருக்கு பிளான் போடுவதில்தான் சுகம் அதிகம். என் வீட்டுக்காரர் ஹேமா கொடுத்த பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ஸ்லைடு போட்டார். ஆமாம்... வெகேஷனுக்கும் ஸ்லைடு!

எங்கள் குரூப்பைப் பற்றி முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். யோசெமிட்டி, ஹவாய், கான்கூன் — எங்கே போனாலும் எங்களோடு ஒரு பெட்டி வரும். பெயர் 'கிச்சன் சூட்கேஸ்'. உள்ளே ரைஸ் குக்கர், குட்டி இண்டக்‌ஷன் அடுப்பு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, ஒரு தாளிப்புக் கரண்டி. துணிமணி வைத்த பெட்டி தொலைந்தால்கூட யாரும் பதற மாட்டோம். இது தொலைந்தால் போச்சு.

அந்தப் பெட்டிக்கு மந்திரி ஹேமா. மாம்பலத்துப் பெண். சான் ரமோனில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. சுத்த சைவம். பக்கத்து டேபிளில் ஆம்லெட் வந்தால் இவள் எழுந்து அடுத்த டேபிளுக்குப் போய்விடுவாள். குணம் தங்கம்.

ஹவாயில் ஒருமுறை ரசத்துக்குத் தாளிக்கிறேன் பேர்வழி என்று ஹோட்டல் ரூமில் கடுகைப் போட்டாள். அவ்வளவுதான், ஃபயர் அலாரம்! அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் துண்டும் ஈரத்தலையுமாகப் புல்வெளியில் நின்றார்கள். "என்ன நடந்தது?" என்று மேனேஜர் கேட்டார். "டீ போட்டோம்" என்றாள் ஹேமா, கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு. அலாரம் அடங்கியதும் மேலே போய் ரசம் சாப்பிட்டோம். அதை விட மனசு வருமா?

சரி, ஹவாய்க்காரர்கள் சமைத்தது எதையாவது சாப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்களா? அன்னாசிப்பழம் சாப்பிட்டோம். போதாதா?

இந்த வருஷம் இலங்கை. அதற்குக் காரணம் ரஞ்சினி. எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் ஒரு தீவு அவள் ஊர். இத்தனை வருஷமாக வாக்கிங் போகிறோம், ஊர்ப் பேச்சை எடுக்கவே மாட்டாள். நானும் கிளற மாட்டேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, "இந்த முறை நீங்கள் எல்லாரும் எங்கட ஊருக்கு வாங்கோவன்" என்றாள்.

விஷயம் இதுதான். சண்டையெல்லாம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் ரஞ்சினியின் அக்கா புனிதமும் ஒருவர். அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாகச் சேர்ந்து, வருகிறவர்கள் தங்க மூன்று அறை கட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது தலைநகரத்திலிருந்து ஒரு ஹோட்டல் கம்பெனி வந்திருக்கிறது. கடற்கரையை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். மதில், கேட், நீச்சல்குளம் எல்லாம் வருமாம். கடலுக்குப் போகிற பாதை மதிலுக்கு உள்ளே போய்விடும்.

கொடுத்துவிடலாம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்களாம். புனிதம் அக்கா கூட்டத்தில் எழுந்து, "ஒரு சீசன் பொறுங்கோ. எங்கட அறையளுக்கு ஆக்கள் வரினமோ பாப்பம்" என்று தவணை வாங்கியிருக்கிறார். அந்த சீசன்தான் வரப்போகிற ஜூலை. கையெழுத்தா இல்லையா என்பது அதற்கப்புறம்.

இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? குரூப்பில் போட்டேன். உடனே எல்லோரும் கட்டைவிரல் தூக்கினார்கள். "சென்னைக்குப் போற வழியில ஒரு ஸ்டாப், சூப்பர்" என்றார் என் வீட்டுக்காரர். மேப்பைப் பார்க்காமலே பேசுகிறவர்.

சனிக்கிழமை மாநாட்டின் முக்கிய நிகழ்ச்சி, புனிதம் அக்காவோடு வீடியோ கால். இங்கே சாயங்காலம், அங்கே ஞாயிறு விடிகாலை. டி.வி. நிறைய அவர் முகம். ஈரத்தலையை முடிந்து, நெற்றியில் திருநீறு. பின்னால் சேவல் கூவுகிறது.

"வணக்கம். எல்லாரும் சுகமா இருக்கிறியளோ?"

கேள்விக்கணைகள் ஆரம்பம். ஏ.சி. இருக்கா அக்கா? "இல்லை. ஃபேன் இருக்கு, கடல்காத்து இருக்கு." வைஃபை? "கிணத்தடியில நிண்டா நல்லா வரும்." ஒன்றையும் பூசி மெழுகவில்லை. ரஞ்சினிதான் ஒவ்வொரு பதிலுக்கும் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அக்கா, அங்க வார் நடந்த இடங்கள்லாம் இருக்கும்ல... அதை ஒரு ஹாஃப் டே இட்டினரரில சேர்க்க முடியுமா?"

அவர் காலை நன்றாக மிதித்தேன். டூ லேட்.

புனிதம் அக்கா கோபப்படவில்லை. "அதுக்கெண்டு தனியா ஒரு இடம் இல்லைத் தம்பி. ரோட்டால நடந்து போனாலே தெரியும். நீங்களா ஆரிட்டையும் கேக்க வேண்டாம். அவையா சொன்னா, இருந்து கேளுங்கோ."

"ஸாரி அக்கா" என்றார். அவர் ஸாரி சொல்லி நான் கேட்டதே இல்லை. பல வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு புதிய அனுபவம்!

அப்போதுதான் ஹேமா வாயைத் திறந்தாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இத்தனை பேருக்குச் சமைக்க வைத்து அந்தப் பெண்களைக் கஷ்டப்படுத்துவானேன் என்கிற எண்ணம்.

"அக்கா, எங்களுக்காக நீங்க ஒண்ணுமே சிரமப்பட வேண்டாம். சமையலை நாங்களே மேனேஜ் பண்ணிப்போம். ரைஸ் குக்கர்லேர்ந்து எல்லாம் கொண்டு வந்துடுவோம். ரூமுக்கு ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் குடுத்தா போதும்!"

டி.வி.யில் சேவல் சத்தம் மட்டும். நெட் போய்விட்டதோ என்று யாரோ ரிமோட்டை எடுத்தார்கள். நெட் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப வர வேண்டாம் பிள்ளை" என்றார் புனிதம் அக்கா.

ஹேமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? ஹெல்ப்தானே பண்றேன்னேன்!" என்று என் காதைக் கடித்தாள். ரஞ்சினி அரக்கப் பரக்க எழுந்து, "அக்கா, அவ சைவம்... அதுதான்..." என்று இழுத்தாள். எனக்கு ரஞ்சினியைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சொந்த ஊருக்கு முதல்முதலாக நாலு பேரை அழைத்திருக்கிறாள். அது இந்த அழகிலா முடிய வேண்டும்?

"கோவிக்காதேங்கோ. விளங்கப்படுத்திறன்" என்றார் புனிதம் அக்கா. "அறையள் மூண்டும் மூண்டு வீட்டுக்குத்தான் சொந்தம். ஊரில மிச்ச ஆக்களுக்கு என்ன இருக்கு? சோறுதான் இருக்கு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில சமையல். மீன் ஒரு வீட்டால வரும், கீரை ஒரு வீட்டால, தயிர் இன்னொரு வீட்டால. நீங்கள் வந்து அறைக்குள்ள கதவைச் சாத்திப்போட்டுக் குக்கர் வைச்சா, காசு உழைக்கிறது அந்த மூண்டு வீடுதான். பிறகு மற்ற வீட்டுக்காரர் என்னத்துக்கு ஹொட்டல்காரனுக்கு மாட்டன் எண்டு சொல்லப்போயினம்?"

என் வீட்டுக்காரர் ஸ்லைடைச் சத்தமில்லாமல் மூடினார். அவர் ஸ்லைடில் விமானம் இருந்தது, படகு இருந்தது, வேன் இருந்தது. சாப்பாட்டுக்கு நேரே 'செல்ஃப்' என்று போட்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். தவணை வாங்கிய அந்த அம்மாவுக்கு உதவி செய்யப் போகிறோம் என்று நாங்கள் கிளம்பினோம். எங்கள் பெட்டி போய் இறங்கியிருந்தால் அந்த ஹோட்டல் கம்பெனிக்கு வேலை சுலபமாகியிருக்கும். மதில் கட்டக் கம்பெனிதான் வேண்டுமா? நாங்கள் கையோடு ஒன்று கொண்டு போக இருந்தோமே!

அக்கா முடிக்கவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னுமொண்டு. முகாமில நாங்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில நிண்டனாங்கள். தந்த ஆக்கள் நல்ல மனுசர், குறை சொல்லேல்லை. ஆனா அவைக்கு ஒரு வாய் சோறு குடுக்க எங்களிட்ட அடுப்புக்கூட இருக்கேல்லை. வீட்டுக்கு வந்த மனுசருக்குச் சோறு போடாமல் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லைப் பிள்ளை. காசுக்காக மட்டும் சொல்லேல்லை."

ரஞ்சினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெங்காயம் இல்லை, பஜ்ஜி வாழைக்காய். அதனால் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

ஹேமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, ஆனால் மறைக்காமல் கேட்டாள். "அக்கா, உங்க வீட்டுல சாப்பிடறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மீன் செஞ்ச பாத்திரத்துல செஞ்சா எனக்கு உள்ள இறங்காது. குத்தமா எடுத்துக்காதீங்க. பழக்கம் அப்படி."

கேட்டாளே! இத்தனை வருஷமாக இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அந்தப் பெட்டியை உலகமெல்லாம் உருட்டிக்கொண்டு போகிறோம். ஒரு சமையல்காரரிடம்கூட நாங்கள் இதைக் கேட்டதில்லை.

புனிதம் அக்கா முதல்முறையாகச் சிரித்தார். "இதுக்கோ இந்தப் பாடு? வாங்கோ" என்று போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். டி.வி.யில் முற்றம் ஆடியது, கிணறு ஆடியது, பிறகு குசினி. அடுப்புக்குக் கீழே கரிபிடித்த சட்டிகள். "இது மச்சம் சமைக்கிறது. மீன், இறால், எல்லாம் இதுக்குள்ளதான்." போன் உயர்ந்தது. மேல் தட்டில் பளபளவென்று கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், தனிக் கரண்டி, தனி அகப்பை. "இது வெள்ளிக்கிழமைச் சட்டியள். விரதத்துக்கும் இதுதான். இதுக்குள்ள மச்சம் பட்டா அம்மா உயிரோட இருந்தா என்னை வெட்டிப்போடுவா. எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான் பிள்ளை. நீங்கள் வந்து நிக்கிற நாள் எல்லாம் உங்களுக்கு வெள்ளிக்கிழமை எண்டு வையுங்கோவன்!"

ஹேமா டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். "எங்காத்துலயும் விரதப் பாத்திரம் மேல்தட்டுலதான்" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், நாங்கள் வேடிக்கை பார்த்தோம். கத்தரிக்காயில் பால் கறி எப்படி? சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது? பூண்டு போடாமல் வருமா? வருமாம். "போட்டா ருசி" என்று ஒரு கொசுறும் வந்தது.

கடைசியில் ஹேமா பேரத்தில் இறங்கினாள். "ஒரே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் மட்டும் எடுத்துண்டு வரட்டுமா?"

"கொண்டு வாங்கோ. அது எங்களுக்கு. நாங்களும் உங்கட கைச்சமையலைச் சாப்பிட்டுப் பாக்கத்தானே வேணும்?"

போனை வைக்கப் போகிற நேரத்தில், விலை கேட்கவில்லையே என்று என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. "அக்கா, சாப்பாட்டுக்குத் தனியா என்ன தரணும்னு சொல்லிடுங்க."

"அதை ரஞ்சினிக்கு அனுப்புறன். ஒரு சதமும் குறைக்க மாட்டன், கேட்டுப் போடாதேங்கோ!" என்றார் அக்கா. ஹால் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "சாப்பிட்டு முடிய, வயிறு நிறைஞ்சுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எங்கட பெண்டுகள் அதைக் கேட்டுக் கனகாலம்."

டி.வி. இருண்டது. ரஞ்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த பஜ்ஜியை எல்லாருக்கும் நீட்டினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிக்கெட் அன்றைக்கே போட்டாயிற்று. மதில் வருமா வராதா, எனக்குத் தெரியாது. நாலு குடும்பம் சாப்பிட்டு ஒரு கடற்கரையைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை. ஆனால் கூட்டத்தில் புனிதம் அக்கா எழுந்து நிற்கும்போது, அவர் பக்கம் கை தூக்க எல்லா வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்குமே!

நொந்துபோன ஒரு சின்ன நாட்டில் நிலைத்து நிற்கிற சுற்றுலாவை எப்படி வளர்ப்பது என்று பெரிய பெரிய இடங்களில் குளுகுளு அறை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். பயணிகள் தரப்பிலிருந்து எனக்குத் தெரிந்த யோசனை ஒன்றே ஒன்றுதான் —

பசியோடு போய் இறங்குங்கள்.